ஆவரங்கோட்டையில நிக்காது

பைய எடுக்க வேண்டாங்க, அங்கேயே இருக்கட்டும். நான் நடுவுலேயே எறங்கிருவேன். ஆவரங்கோட்டை. விருதுநகர் தாண்டி, கோவில்பட்டிக்கு முன்னாடி. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, பரவாயில்ல, யாரும் கேள்விப்பட்டதில்ல. நீங்க எதுவரைக்கும்? நாகர்கோவிலா? டீச்சரா! நெனச்சேன், ஹேண்ட்பேக்ல செகப்புப் பேனா எட்டிப் பாக்குதே. எம் பேரு கோமதி. மெட்ராஸ்ல வேலை. மதுரை வரைக்கும் ராத்திரி ரயில்ல வந்தேன்.

கண்டக்டர் என்ன மொனகிட்டுப் போறாரு பாத்தீங்களா? "ஆவரங்கோட்டையில நிக்காதும்மா, கோவில்பட்டிக்குத்தான் டிக்கெட்"ங்கிறாரு. சரி குடுங்க கோவில்பட்டிக்கேன்னு வாங்கிக்கிட்டேன். ஊரு முக்குல டீக்கடை முன்னாடி ஒரு நொடி பிரேக் போடுவாங்க, எறங்கிர வேண்டியதுதான். காலேஜ் படிக்கிறப்பலேர்ந்து அப்படித்தான் எறங்குறேன். இவரு புதுசு போல. நான் ஊருப்பக்கம் வந்து ஒன்றரை வருஷத்துக்கு மேல ஆச்சு, அதனால என்னைத் தெரியல.

மதுரை ஸ்டாண்டுல பக்கத்துலேயே ஊரு ஊரா உள்ள போயிட்டுப் போற வண்டியும் நின்னுச்சு. சீட்டும் காலி. ஏறல. ஏன் ஏறணும்? அது திருமங்கலத்துல நிக்கும், கள்ளிக்குடியில நிக்கும், விருதுநகர் பஸ் ஸ்டாண்டுக்குள்ள போயி ஒரு சுத்து சுத்தும், டிரைவர் டீ குடிப்பாரு, வெள்ளரிக்கா விக்கிறவன் ஏறுவான், எறங்குவான். போற எடத்துக்குப் போகாம வழியில இருக்கிற எடத்துக்கெல்லாம் போறதுக்குப் பேரு பயணமா? இந்த பைபாஸ் வண்டிதான் எனக்கு. மதுரையில ஏறுனமா, நேரா போனமான்னு இருக்கணும்.

சிரிக்காதீங்க டீச்சர். எனக்கு வேலையே அதுதான். உண்மையாவே அதுதான்.

உங்களுக்கு ஒண்ணு கேக்குறேன். உங்க பையன் வெளியூர்ல இருக்கானா? பெங்களூரா? வீடியோ கால்ல பேசுவீங்கல்ல? முன்னெல்லாம் அவன் மூஞ்சி வாயத் தொறந்தபடியே நின்னுபோகும், சத்தம் மட்டும் அப்புறமா வரும். இப்ப அப்படி நிக்குதா? நிக்கல இல்ல? அதுல கொஞ்சம் நான் பண்ணுன வேலை. இந்த ரோட்டோரமாவே, மண்ணுக்கடியில, மதுரையிலேர்ந்து நாகர்கோவில் வரைக்கும் கண்ணாடி இழை போகுது. உங்க பையன் மூஞ்சி அதுலதான் வெளிச்சமா ஓடி வருது. எங்க கம்பெனி இழை. அதுல எது எங்க நிக்கணும், எது நிக்காம போகணும்னு முடிவு பண்றவ நான்.

அப்ப என்ன நடந்துச்சுன்னா, வழியில இருக்கிற ஒவ்வொரு ஊர்லயும் எங்களுக்கு ஒரு சின்ன ஸ்டேஷன். ரெண்டு ரூமு, ஏசி, ஜெனரேட்டர், ஒரு வாட்ச்மேன். மதுரையிலேர்ந்து வர்ற வெளிச்சம் ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் எறங்கும். அத மின்சாரமா மாத்தி, ஒவ்வொண்ணையும் பிரிச்சு, இது யாருக்கு, எங்க போகணும்னு படிச்சுப் பாத்து, திரும்ப வெளிச்சமாக்கி அடுத்த ஊருக்கு அனுப்பும். இந்த பஸ்ஸ விருதுநகர்ல நிறுத்தி, நாகர்கோவில் போற உங்களையும் எறக்கி, டிக்கெட்டப் பாத்து, வேற பஸ்ல ஏத்தி விட்டா எப்படி இருக்கும்? அதையே கோவில்பட்டியிலயும் பண்ணுனா? திருநெல்வேலியிலயும் பண்ணுனா? வெறி பிடிச்சிரும் இல்ல? அதத்தான் வருஷக்கணக்கா பண்ணிக்கிட்டிருந்தாங்க. கரண்ட்டு தண்டம், நேரம் தண்டம். எல்லாத்தையும் பிரிச்சுப் படிக்கிற அந்தப் பெரிய ஸ்விட்ச்சு சூட்டுல கொதிக்கும். அதக் குளிரவைக்கத் தனியா ஏசி.

நான் சொன்னேன், வெளிச்சத்த வெளிச்சமாவே விடுங்கடான்னு. நாகர்கோவிலுக்குப் போறது நாகர்கோவில்லதான் கண்ணு முழிக்கணும். நடுவுல யாரும் அதத் தொடக்கூடாது. பெரிய பெரிய ஆளுங்க இருந்த ரூமுக்குள்ள நான் ஒருத்திதான் பொம்பளை. "ரிஸ்க்கு மேடம்"னாங்க. "மெதுவா பண்ணலாம் மேடம்"னாங்க. மெதுவா பண்றதுன்னா பண்ணாம விடுறதுன்னு அர்த்தம், எனக்குத் தெரியாதா? விடல. ஒவ்வொரு ஊரா உக்காந்து கணக்குப் பாத்து மாத்துனேன். பாதிக்குப் பாதி கரண்ட்டு மிச்சம். வேகம் உங்களுக்கே தெரியும். டெல்லிக்குக் கூப்பிட்டு விருது குடுத்தாங்க. ஒரு கேடயமும் கம்பெனி பேரு போட்ட ஒரு குடையும். கேடயம் எங்கிட்ட இருக்கு. குடைய ஆவுடைகிட்ட குடுத்துட்டேன்.

ஆவுடை என் தங்கச்சி. ஆவரங்கோட்டையிலேயே இருக்கா. பஜார்ல ப்ரௌசிங் சென்டர் வச்சிருக்கா. ரேஷன் கார்டு, பட்டா, ஜாதிச் சான்று, பரீட்சைக்கு அப்ளை பண்றது, எல்லாம் அவகிட்டதான். புருஷன் விட்டுட்டுப் போனப்புறம் அவளாவே ஆரம்பிச்சது. நான் ஒரு பைசா குடுக்கல, அவ கேக்கவும் இல்ல. அவளுக்குத் திமிரு ஜாஸ்தி. எங்க வீட்டுல எல்லாருக்கும் அப்படித்தான், என்னைத் தவிர.

ஏன் டீச்சர் இருமுறீங்க? தண்ணி வேணுமா?

இந்தக் கண்ணாடி இழைக்குள்ள வெளிச்சம் ஒண்ணா போறதில்ல. பல நிறமா போகும். ஒவ்வொரு நிறமும் ஒரு பஸ்ஸுன்னு வைங்க. ஆவரங்கோட்டைக்குன்னு ஒரு நிறம் ஒதுக்கியிருந்தாங்க. அத மட்டும் பிரிச்சு எடுக்க ஊர்ல ஒரு பெட்டி. நான் எடுத்துப் பாத்தேன். அந்த பஸ்ல முன்னாடி சீட்டுல ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க, பாக்கி சீட்டெல்லாம் காலி. ஒரு முழு நிறம் டீச்சர்! அதுல எத்தனை பெரிய ஆஸ்பத்திரி ஓடலாம், எத்தனை பேங்க் ஓடலாம்! சொந்த ஊருங்கிறதுக்காக விடலாமா? எல்லா ஊருக்கும் ஒரு சட்டம், என் ஊருக்கு ஒரு சட்டமா? பெட்டியக் கழட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

ஊர அப்படியே அனாதையா விட்டுறல. அதையும் தெளிவாச் சொல்லிர்றேன், ஏன்னா அங்க போயி கேட்டா வேற மாதிரி சொல்லுவாங்க. ஆவரங்கோட்டைக்கு உள்ளது நேரா கோவில்பட்டி வரைக்கும் போகும். அங்க எறங்கி, பழைய கிளைக் கேபிள் ஒண்ணு இருக்கு, அது வழியா ஊருக்குத் திரும்பி வரும். கொஞ்சம் சுத்துதான். வெளிச்சத்துக்கு அது என்ன சுத்து? கண்ணச் சிமிட்டுறதுக்குள்ள போயிட்டு வந்துரும். பேப்பர்ல பாத்தா ஒரு கொறையும் கெடையாது.

ஆனா அந்தக் கிளைக் கேபிள் போற ரோட்டுல குடிதண்ணிக் குழாய் பதிக்கிறேன்னு ஜேசிபி கொண்டுவந்து தோண்டுனா நானா பொறுப்பு? சொல்லுங்க. ஜேசிபிக்காரன் என்கிட்ட கேட்டுட்டா தோண்டுனான்?

அந்தக் கேபிள் ஒரு நாள் அந்துபோச்சு. அந்த நாளு பாத்து அந்துச்சு. போலீஸ் வேலைக்கு அப்ளை பண்ண கடைசி நாளு. எங்க ஊர்ல ஒரு வழக்கம் இருக்கு டீச்சர், அத என்னன்னு சொல்றது. எதுக்கு அப்ளை பண்ணுனாலும் கடைசி நாள்லதான் வந்து நிப்பாங்க. அதுவும் காலையில வரமாட்டாங்க, ராகுகாலம் முடியட்டும்னு ரோட்டுக்கு அந்தப் பக்கம் நெழல்ல நிப்பாங்க. ராகுகாலம் முடிஞ்சதும் மொத்த ஊரும் ஆவுடை கடைக்குள்ள நொழையும். மத்த நாளெல்லாம் ஈ ஓட்டுவா. நான் எடுத்த கணக்கு சராசரி. மாசம் முழுக்க சேத்து வகுத்தா ரெண்டு சீட்டுதான் வருது. அந்த ஒரு நாள்ல படிக்கட்டுல தொங்கிட்டு வர்றது சராசரியில எப்படித் தெரியும்?

நான் கேட்டேன், ஏன்டி முன்னாடியே வந்து தொலைய வேண்டியதுதானன்னு. அதுக்கு அவ, "தீப்பெட்டி ஆபீஸ் போறவளுக்கு லீவு ஞாயித்துக்கெழமைதான்க்கா. அன்னைக்கு வி.ஏ.ஓ. இருக்க மாட்டாரு. சான்று கைக்கு வர்றதுக்குள்ள கடைசி நாளு வந்துருது. நீ எந்த ஊர்ல பொறந்த?"ன்னு கேக்குறா. என்கிட்டயே.

தீப்பெட்டி ஆபீஸ்னா தீப்பெட்டி செய்யிற ஃபேக்டரிங்க. எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். அங்க வேலை பாக்குற ஒரு பொண்ணு, மாரிக்கனின்னு பேரு. விடியக்காலம் எழுந்து கம்மாக்கரையில ஓடி ஓடிப் பழகியிருக்கா. உயரம், ஓட்டம் எல்லாம் சரியா இருக்கு. வயசு வரம்பு மட்டும் அந்த வருஷத்தோட முடியுது. அவளும் அன்னைக்கு வரிசையில நின்னா. மத்தியானம் கேபிள் அந்தது. ராத்திரி ஒட்டுனாங்க. அதுக்குள்ள அப்ளை பண்ற வெப்சைட்ட மூடியாச்சு. கோவில்பட்டிக்கு ஓடியிருக்கலாமில்ல? சில பேரு ஓடுனாங்க. இவ "இப்ப வந்துரும், இப்ப வந்துரும்"னு ஆவுடை சொன்னத நம்பி உக்காந்துட்டா. ஆவுடை ஏன் அப்படிச் சொன்னா? எங்க அக்கா பாத்துக்குவான்னு சொல்லியிருக்கா. நான் சொன்னேனா அப்படி? நான் எப்ப சொன்னேன்?

எனக்கு அன்னைக்கு ஃபோன் பண்ணா. திரும்பத் திரும்பப் பண்ணா. நான் மீட்டிங்ல இருந்தேன். என் ஃபோன் அதுவாவே பதில் அனுப்பிரும், "மீட்டிங்கில் இருக்கிறேன், பிறகு அழைக்கிறேன்"னு. அப்படி வச்சிருக்கேன், எல்லாருக்கும் ஒரே மாதிரி. என்ன மீட்டிங்கா? அதே லைனப் பத்தித்தான். எவ்வளவு திறமையா ஓடுதுன்னு பெரியவங்களுக்கு விளக்கிக்கிட்டிருந்தேன். திரையில பச்சை பச்சையா கோடு ஓடுது. மதுரை பச்சை, திருநெல்வேலி பச்சை, நாகர்கோவில் பச்சை. ஆவரங்கோட்டை அந்தத் திரையிலேயே கெடையாது, பெட்டியத்தான் கழட்டியாச்சே. அப்ப எனக்கு எப்படித் தெரியும்?

சாயங்காலம் நானே கூப்பிட்டேன். கூப்பிடுறேன்னு சொன்னா கூப்பிடுவேன், அந்தப் பழக்கம் எனக்கு உண்டு. "ஊரே கடை வாசல்ல நின்னு ஏசுதுக்கா. உன் கம்பெனி இழை எங்க காலுக்கடியில போகுது, எங்களுக்கு ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல"ங்கிறா. நான் என்ன சொன்னேன்? முறைப்படி கம்ப்ளெயின்ட் நம்பர்ல பதிவு பண்ணுன்னு சொன்னேன். தங்கச்சி ஃபோன் பண்ணுனான்னு நான் எறங்கி வேலை பாத்தா, தங்கச்சி இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க? நியாயம்தான?

பதிவு பண்ணிட்டா. அது சுத்திச் சுத்தி மறுநாள் என் மேசைக்கே வந்துச்சு. தொறந்து பாத்தேன். அதுக்குள்ள கேபிள ஒட்டியாச்சு, லைன் ஓடுது. லைன் ஓடுனா கம்ப்ளெயின்ட்ட மூடணும். அதான் விதி. தொறந்து வச்சா கணக்குல கெட்ட பேரு. மூடுனேன். மூடுனதும் அவளுக்கு மெசேஜ் போகும். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. பொறுமைக்கு நன்றி." கீழ மூடுனவங்க பேரு வரும். என் பேரு.

அத அப்படியே எனக்குத் திருப்பி அனுப்புனா. ஒரு வார்த்த எழுதல. வெறும் மெசேஜ் மட்டும்.

அதோட பேச்ச நிறுத்துனவதான். நான் ஃபோன் பண்ணுனா எடுக்கிறதில்ல. பொங்கலுக்குப் பேசல. எங்கப்பா திதிக்கு நான் வரல, அவ கூப்பிடல. கூப்பிடாததனால வரலையா, வராததனால கூப்பிடலையான்னு அதுல வேற ஒரு சண்டை, சித்தி மூலமா.

இதுல ஒரு வேடிக்கை சொல்றேன் கேளுங்க. கம்ப்ளெயின்ட்ட மூடுனா கஸ்டமருக்கு ஒரு கால் போகும். எங்க சேவைக்கு எத்தனை மார்க் குடுப்பீங்கன்னு மெஷின் கேக்கும். அவ எத்தனை குடுத்திருக்கான்னு நெனைக்கிறீங்க? அஞ்சுக்கு அஞ்சு! நான் எடுத்துப் பாத்தேன். ரெக்கார்டுல இருக்கு. கோவமா இருந்தா ஒண்ணு குடுத்திருக்கலாமில்ல? முழு மார்க் குடுத்துட்டு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா என்ன அர்த்தம்? நீங்க டீச்சர், நீங்களே சொல்லுங்க. முழு மார்க் குடுத்த பேப்பர்ல தப்பு இருக்குமா?

ஏன் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க?

சரி, இன்னைக்கு எதுக்குப் போறேன்னா, ஊர்ல வியாபாரிகள் சங்கம் கம்பெனிக்கு எழுதிப்போட்டிருக்கு. பெட்டியத் திரும்ப வையுங்கன்னு. கம்பெனி என்னையே போயிப் பாத்துட்டு ரிப்போர்ட் குடுக்கச் சொல்லிருச்சு. வைக்கணும்னு நான் எழுதுனா வைப்பாங்க, வேண்டாம்னா வேண்டாம். ரெண்டு வார்த்ததான். பன்னெண்டு மணிக்கு சங்கத்துல கூட்டம். ஆவுடை வருவா. அந்த மாரிக்கனியும் வருவாளாம், செயலாளர் அண்ணாச்சி ஃபோன்ல சொன்னாரு. அவ ஏன் வரணும்? பெட்டிய வச்சா அவ வயசு கொறையுமா? சும்மா என் மூஞ்சிக்கு நேரா உக்கார வைக்கிறதுக்கு. உக்காரட்டும். நான் அவ கண்ணப் பாத்தே பேசுவேன். நான் எதுக்குப் பயப்படணும்?

ரிப்போர்ட்ட மெட்ராஸ்லேயே எழுதிட்டேன். இந்தா, மடியில இருக்கிற இந்த ஃபைலுதான். "தேவையில்லை"ன்னு எழுதியிருக்கேன். மரியாதையா, காரணத்தோட. பாக்காமலே எழுதிட்டீங்களான்னு கேக்காதீங்க. நான் பொறந்த ஊரு, அதுல போயிப் பாக்க என்ன இருக்கு? கூட்டத்துல எல்லார் முன்னாடியும் படிச்சுக் காட்டுவேன். சில பேருக்காக ஒரு லைன நிறுத்தி நிறுத்தி ஓட்ட முடியாது, ஆயிரம் பேரு பின்னாடி காத்துக்கிட்டிருக்காங்கன்னு சொல்லுவேன். ஆவுடை கடைய மூடுற நெலமையில இருக்கா, தெரியும். ஜனங்க எல்லாம் கோவில்பட்டிக்குப் போயிருது. நாளைக்குப் பெட்டி வந்தா கடை பொழைக்கும், அதுவும் தெரியும். அதுக்காக? தங்கச்சி கடைக்காகத்தான் வச்சான்னு ஒருத்தன் கேட்டா நான் என்ன பதில் சொல்றது? அவளுக்குச் செஞ்சா தப்பு, செய்யாட்டா கல்நெஞ்சுக்காரி. எந்தப் பக்கம் போனாலும் ஏச்சுதான், அப்புறம் சரியானதயே செஞ்சிட்டுப் போறேன்.

விருதுநகர் வந்தாச்சா? எப்ப வந்துச்சு? பாத்தீங்களா, ஊரே தெரியாம தாண்டிட்டோம். பைபாஸ்னா அதான்.

அவ வரமாட்டா. பஸ் ஸ்டாப்புக்குச் சொல்றேன். முன்னெல்லாம் நான் வந்தா முக்குல டீக்கடை ஓரமா ஸ்கூட்டியப் போட்டுட்டு நிப்பா. வெயில்ல நிக்காதடின்னா கேக்கமாட்டா. எத்தனை மணிக்கு வண்டின்னும் கேக்கமாட்டா, வர்ற பஸ்ஸுக்கெல்லாம் எட்டி எட்டிப் பாத்துக்கிட்டே நிப்பா. இன்னைக்கு நான் செயலாளர் அண்ணாச்சிக்குத்தான் சொல்லியிருக்கேன், ஆட்டோ அனுப்புங்கன்னு. அவகிட்ட சொல்லல. எனக்கும் ரோஷம் இருக்கு டீச்சர். தப்பே செய்யாம நான் எதுக்கு மொதல்ல பேசணும்?

நீங்களே சொல்லுங்க, நான் என்ன தப்பு செஞ்சேன்? ம்? தப்பு இல்லன்னுதான சொல்றீங்க? வாயத் தொறந்து சொன்னா என்னவாம்.

இந்தா, வந்துருச்சு. அந்தத் தண்ணித் தொட்டி தெரியுதா? எங்க ஊரு. பைய எடுத்துக்கிறேன், கால ஒதுக்குங்க. முக்கு அடுத்ததுதான், அங்க பிரேக் போடுவாரு.

ஏங்க... இது என்ன ரோடு மேல ஏறுது? இங்க ஏது பாலம்? கண்டக்டர்! இது எப்ப கட்டுனது? என்னது, போன தையிலயா? அப்ப முக்கு? முக்கு கீழயா இருக்கு? நீங்க மேல போனா நான் எப்படி எறங்குறது? கோவில்பட்டி போயி டவுன் பஸ் பிடிச்சுத் திரும்பி வரணுமா? என் ஊரு இந்தா கீழ இருக்கு, கையெட்டுற தூரத்துல இருக்கு, நான் கோவில்பட்டிக்குப் போயிட்டுத் திரும்பி வரணுமா? யாருய்யா இந்த ரூட்டப் போட்டது? மூளை இருக்கிறவன் போடுவானா?

டீச்சர், கொஞ்சம் தள்ளுங்க. அந்தச் சன்னல் வழியா... அந்தா, கீழ, டீக்கடை ஓரமா. ஆரஞ்சு கலர் குடை. அது எங்க கம்பெனிக் குடை. எங்க கம்பெனிக் குடைதான், நான் குடுத்தது. ஆவுடை. ஆவுடை டீச்சர் அது! ஸ்கூட்டியப் போட்டுட்டு நிக்கிறா. யாரு சொன்னா அவளுக்கு? அந்த அண்ணாச்சி சொல்லியிருப்பாரு. நான் சொல்லவே இல்லையே. கீழ வர்ற பஸ்ஸயே எட்டி எட்டிப் பாக்குறா பாருங்க. மேல பாருடி! ஆவுடை! மேல!

கண்டக்டர், நிறுத்துங்க. நிறுத்துங்கங்கிறேன்ல. முடியாதுன்னா? ஏன் முடியாது? "ஒரு ஆளுக்காக நிறுத்த முடியாதும்மா, அம்பது பேரு போகணும்"னா என்ன பேச்சு அது? ஆளுகள வச்சுக் கூட்டல் கழித்தல் கணக்கா போட்டுக்கிட்டிருக்கீங்க? ஒரு ஆளுன்னா ஆளு இல்லையா? அந்தா கீழ வெயில்ல நிக்கிறாளே, அவ ஆளு இல்லையா? ஆமாய்யா, ஒரு ஆளுக்காகத்தான் நிறுத்தச் சொல்றேன். ஒரே ஒரு ஆளு. டிரைவர் அண்ணாச்சி! பாலம் எறங்குன எடத்துல ஓரங்கட்டுங்க. இல்லன்னா நான் இப்படியே படிக்கட்டுல போயி நிக்கப்போறேன். எவன் மொனகுறான் பின்னாடி? மொனகட்டும். உங்க தங்கச்சி நின்னா நீங்க போயிருவீங்களா சார்?

நிக்குது. நிக்குது டீச்சர். வழி விடுங்க. மெதுவா... ஆங், எறங்கிட்டேன்.

என்னது? ஃபைலா? சீட்டுல விட்டுட்டேனா? சன்னல் வழியா குடுங்க. குடுங்க, வெயில்ல அவ்வளவு தூரம் திரும்பி நடக்கணும், தலைக்குப் பிடிக்கவாவது ஆகும். இங்க பாருங்க, இதுக்காக ரிப்போர்ட்ட மாத்திருவேன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க. அது வேற, இது வேற. நான் அப்படிப்பட்ட ஆளு கெடையாது.

ஏன் கண்டக்டர் மொறைக்கிறீங்க? விசில அடிங்க, போங்க. எவ்வளவு நேரம் நின்னுச்சு உங்க வண்டி? ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம் நின்னதுல இப்ப யாரு குடி முழுகிப் போச்சு?